சோடியத்துள் உராயும் எஃகு

பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் நீர், வீரபாண்டியை எட்டும் முன் லோயர் கேம்ப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு வருகிறது. நீர்மின் சுழலிகளுக்குப் பெரிதும் பயன்படும் எஃகில் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் உண்டு. அது ஆக்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகிக் காப்பதோடு, சுரண்டப்பட்ட இடத்தில் அப்படலம் தானாகவே மீண்டும் படிந்துவிடுகிறது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் இந்தக் காப்பு எடுபடாது. அங்கு வெப்பத்தைக் கடத்தும் உருகிய சோடியம் ஆக்சிசனைப் பறித்துக்கொள்வதால், அழுந்தி உராயும் எஃகுப் பரப்புகள் படலமிழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதைத் தடுக்க அப்பரப்புகளின் மீது கடினமான உலோகக்கலவை ஒன்று உருக்கிப் படியவைக்கப்படுகிறது, இதுவே வன்பூச்சு. வழக்கமாகப் பயன்படும் ஸ்டெல்லைட் கோபால்ட்டைக் கொண்டது. நியூட்ரான் பட்ட கோபால்ட் 5.27 ஆண்டு அரைவாழ்வுடைய கோபால்ட்-60 ஆக மாறிக் காமாக் கதிர் வீசும் என்பதால், பின்னாளில் பழுதுபார்க்க வருவோரை எண்ணி, நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கால்மோனாய்-5 தேர்ந்தெடுக்கப்பட்டது. இதில் குரோமியம் போரானோடும் கார்பனோடும் கூடிப் பீங்கானின் கடினமுடைய போரைடு, கார்பைடு துகள்களாகி நிக்கலுக்குள் பரவி நிற்கிறது. தேய்மானத்தைத் துகள்கள் தாங்க, உடையாமல் நீண்டு கொடுக்கும் இயல்பாகிய நீள்தன்மையை நிக்கல் தருகிறது. துகள்கள் பெருகினால் அந்த நீள்தன்மை குன்றும். கடினம் மிகுந்த கால்மோனாய்-6 எளிதில் விரிசல் விடுவது இதனால்தான்.



 கல்பாக்கத்தில் கலவையைக் காட்டிலும் பூசும் முறையே பூச்சின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. உருகிப் படிந்த பூச்சு குளிரும்போது சுருங்க முயல, கீழுள்ள எஃகு அதை இழுத்துப் பிடிப்பதால் விரிசல் உண்டாகிறது. ஆகவே பாகத்தை முன்கூட்டியே சூடாக்கி, பூசிய பின் மெல்ல ஆறவிடுகின்றனர். அடிஎஃகு அதிகமாக உருகிப் பூச்சில் கலந்துவிட்டால் துகள்கள் குறைந்து கடினமும் தாழும். தூளைப் பிளாஸ்மா வில்லில் உருக்கிப் படியவைக்கும் முறை அக்கலப்பைக் குறைக்கிறது. மற்றப் பற்றவைப்பு முறைகள் பலவற்றில், கலப்பில்லாத மேற்பரப்பு கிடைக்கும்வரை அடுக்கின்மேல் அடுக்காகப் பூச வேண்டியிருக்கும். தடிப்பு ஏற ஏற விரிசல் அச்சமும் கூடவே ஏறும்.