விளையாட்டில் மூளும் தீ

திருப்பதி மலையைச் சூழ்ந்த சேஷாசலக் காட்டில் 2014 மார்ச்சில் மூண்ட தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் நீர் சுமந்து பறந்ததைச் சித்தூர், திருப்பதி வாழ் தமிழர் மறந்திரார். கணிப்பொறியில் ஆடும் குடியேற்ற விளையாட்டுகளிலும் தீ புகுந்துள்ளது. 2018இல் முழுமை பெற்ற ‘ரிம்வேர்ல்டு’ விளையாட்டில் மரச்சுவர் எரியும், கற்சுவர் எரியாது. மூடிய அறையில் மூண்ட தீ, தீண்டாமலே வெப்பத்தால் ஆளை வீழ்த்தும். மின்கம்பியில் பழுது நேர்ந்தால், மின்கலங்களில் எவ்வளவு மின்சாரம் சேர்ந்திருந்ததோ அவ்வளவு பெரிதாக வெடிக்கும். பீரங்கிக் குண்டுகளைச் சமையற்கட்டின் அருகே அடுக்கியவர் சமையற்காரரையும் இழப்பர்!

தீயில்லாத விளையாட்டில் எதையும் எங்கும் குவிக்கலாம். தீ வந்தபின் இடைவெளிக்கும் விலையுண்டு. வனத்துறையார் கோடைக்கு முன் புல்லைச் செதுக்கி வெற்றுக்கோடு இடுவதைப் போலவே, ஆடுவோரும் குடியிருப்பைச் சுற்றிப் புல்லற்ற தரையை விடவேண்டும்.