புரோட்டீன் டப்பாவும் பி.டி. சாரும்

கேள்வி யாரிடம் போகிறது?

புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி மைதானத்தில் ஓடுகிற மாணவரும் லாஸ்பேட்டை ஜிம்மில் எடை தூக்குகிற மாணவரும் என்ன சாப்பிடுவது என்று உணவியல் நிபுணரைத் தேடிப் போய்க் கேட்பதில்லை. பி.டி. சாரையோ ஜிம் மாஸ்டரையோதான் கேட்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டு ஊட்டச்சத்துத் தேர்வில் 75 விழுக்காடு மதிப்பெண்ணைப் போதுமான அறிவுக்கு அளவாக வைத்தார்கள். உடல்வலுப் பயிற்சியாளர்களில் 83 விழுக்காட்டினர் அதைத் தாண்டினர்; ஆட்டப் பயிற்சியாளர்களில் 36; வீரர்களில் வெறும் 9. முறையாகப் படித்தவர்களுக்கு அறிவு இருக்கிறது, ஆனால் அது தானாக மாணவரிடம் போய்ச் சேருவதில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். உடல்வலுப் பயிற்சிக்கென்று தனி ஆள் இல்லாத நம் கல்லூரிகளில் இந்தப் பொறுப்பு முழுவதும் உடற்கல்வி ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. அவருக்கு முறையான ஊட்டச்சத்துப் பயிற்சி தருவது புதுச்சேரி கல்லூரிகளின் கடமை.

தவறான பதிலின் விலை

‘புரோட்டீன் டப்பா வாங்கு’ என்பதே பதிலானால் என்ன ஆகும்? 2024இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, இங்கே விற்கும் 36 புரதச் சத்துமாவுகளைச் சோதித்தது. ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. 14 விழுக்காட்டில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு இருந்தது. உடம்பை ஏற்றுவதற்காகப் புரத மாவு சாப்பிட வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதே ஆண்டு அறிவுறுத்தியது. போட்டிக்குப் போகும் மாணவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: மாவில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

விளையாட்டு வீரருக்குப் புரதம் கூடுதலாக வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்றால், கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. 60 கிலோ மாணவருக்குக் குறைந்தது 72 கிராம். இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கை வேர்க்கடலை, சோற்றோடு பருப்பு என்று ஒரு நாளில் சாப்பிட்டாலே ஏறக்குறைய அங்கே வந்துவிடும். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய நூறு கிராம் மத்தி சேர்ந்தால் தொண்ணூறைத் தொடும். மாதக் கணக்கில் பார்த்தால் டப்பாவை விட இதுவே மலிவு. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டத்தான் ஆசிரியர் வேண்டும்.

எல்லை எது?

பி.டி. சார் டாக்டர் இல்லையே என்ற தயக்கம் நியாயமானது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, மாதவிடாய் நின்றுபோன வீராங்கனை என்றால் அவர் ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமே தவிர, தானே உணவுப் பட்டியல் எழுதக் கூடாது. ஆனால் எப்போது அனுப்ப வேண்டும் என்று கண்டுகொள்ளவே அறிவு வேண்டும். அந்த அறிவு அன்றாட வேலைக்கும் தேவை. நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை லேசில் காயாது, உடல் சூடும் தணியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவரை எடை பார்த்து, ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வரை தண்ணீரோ உப்பிட்ட மோரோ சிறிது சிறிதாகக் குடிக்கச் சொல்வதற்கு, மைதானத்தில் ஓர் எடைக் கருவி இருந்தால் போதும்.