6,500 டாலர் வித்தியாசம் எங்கே போகிறது?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குத் தெற்கே இருக்கிறது பீச்ட்ரீ சிட்டி. 1959-இல் திட்டமிட்டு உருவாக்கிய ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 38,244 பேர். ஊரில் பதிவான கோல்ஃப் வண்டிகள் 10,000-க்கு மேல். அவை ஓடுவதற்கென்றே போட்ட பாதைகள் சுமார் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். மளிகைக்கும் நூலகத்துக்கும் அதில்தான் போகிறார்கள். மெக்கின்டாஷ் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் ஓட்டிவரும் கோல்ஃப் வண்டிகளை நிறுத்தத் தனி இடம் உண்டு. கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத வீட்டு வாசலிலும் வண்டி நிற்கும்.

இப்படி ஒரு வீட்டுக்கு நான்கு இருக்கை வண்டி ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லித்தியம் பேட்டரியோடு புதியது 13,000 டாலர். புத்தம்புது ஈய-அமில பேட்டரி போட்டுப் புதுப்பித்த வண்டி 6,500 டாலர். சரிபாதி. கேட்டவுடனே பழையதை வாங்கத் தோன்றும். ஆனால் அந்த 6,500 டாலர் மிச்சத்தில் எவ்வளவு கடைசிவரை கையில் நிற்கும்?

இங்கே வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட நடுத்தர விலைகள். கடைக்குக் கடை ஆயிரம் டாலர் ஏறும், இறங்கும். கடைக்காரர் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் போதும்.

முதலில், புதுப்பித்த வண்டிகள் எங்கிருந்து வருகின்றன? அமெரிக்காவில் ஏறத்தாழ 16,000 கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. 18 குழி மைதானம் ஒன்று 60 முதல் 80 வண்டி வரை வைத்திருக்கும். பெரும்பாலும் அவை மூன்று முதல் ஐந்து ஆண்டுக் குத்தகை வண்டிகள். கெடு முடிந்ததும் மொத்தமாகத் திரும்பிப்போகும்; மொத்த வியாபாரி கை வழியாகப் புதுப்பிக்கும் பட்டறைக்கு வந்துசேரும். ஆகவே சந்தையில் நிற்பவற்றில் பெரும்பகுதி நான்கு வயதை ஒட்டியவை, ஒரே மாதிரி உழைத்தவை. ஒரு சுற்று ஆட்டத்துக்கு 5 மைல், ஆண்டுக்கு 200 சுற்று என்று வைத்தால் நான்கு ஆண்டில் 4,000 மைல். நம் கணக்கிலுள்ள குடும்பம் நாளுக்கு 6 மைல் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுகிறது: 1,800 மைல். மைதானத்தின் நான்கு ஆண்டு உழைப்பை இந்தக் குடும்பம் இரண்டே கால் ஆண்டில் முடித்துவிடும். அதுவும் மைதானத்தில் மணிக்கு 15 மைலைத் தாண்டாமல், தினமும் இரவு கொட்டகையில் நின்று ஓடிய வண்டி. மோட்டாரும் சட்டகமும் இதில் பெரிதாகத் தேய்வதில்லை. தேய்வது பேட்டரி. நான்கு ஆண்டில் எண்ணூறு சுற்று என்றால் சார்ஜ் ஏறி இறங்கியதும் கிட்டத்தட்ட அத்தனை தடவை. ஈய-அமில பேட்டரிக்கு அது ஏறக்குறைய முழு ஆயுள்.

இருக்கையைத் தூக்கினால் அடியில் பேட்டரிகள். 48 வோல்ட் வண்டியில் வழக்கமாக 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கும். ட்ரோஜன் டி-875 ரகத்தில் ஒன்று 63 பவுண்டு. ஆறும் சேர்ந்து 378 பவுண்டு, 171 கிலோ. அதே வேலைக்கு வரும் 105 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 45 கிலோவை ஒட்டி இருக்கும். ஈயத்தில் ஓடும் வண்டி, கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஆட்களை எப்போதும் சுமந்தபடியே போகிறது. ஈய பேட்டரி ஒரு செட் மாற்ற 1,200 டாலர். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து ஆண்டு வரும். தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பழகியவர்களுக்கு இந்தப் பராமரிப்பு புதிதல்ல. அதே ஈயம், அதே அமிலம், மறந்தால் அதே தண்டனை.

விற்பவர் "பேட்டரி நல்லா இருக்கு" என்று மீட்டரை வைத்துக் காட்டுவார். 48.4 வோல்ட் என்று காட்டும். 48 வோல்ட் வண்டிதானே, சரியாக இருக்கிறது என்று வாங்குபவர் தலையாட்டுவார். உள்ளே இருப்பவை 24 செல்கள். முழு சார்ஜில், ஓய்வாக நிற்கும்போது செல்லுக்கு 2.12 வோல்ட் வீதம் 50.9 வோல்ட் காட்ட வேண்டும். 48.4 என்பது பாதி காலி. இராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகும் அந்த எண்தான் என்றால் அந்த செட்டுக்கு 1,200 டாலரை உடனே எடுத்து வைத்துவிடலாம். மொத்த வோல்ட்டைவிடத் தனித்தனி அளவு இன்னும் உதவும். ஐந்து பேட்டரி 8.4 காட்டி ஒன்று மட்டும் 7.9 காட்டினால், அந்த ஒன்று மற்ற ஐந்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். ஹைட்ரோமீட்டர் இருந்தால் அமிலத்தின் ஒப்படர்த்தியையும் பார்க்கலாம்: முழு சார்ஜில் 1.277-ஐ ஒட்டி வரவேண்டும். செல்லுக்குச் செல் 0.050 வித்தியாசம் வந்தால் கோளாறு.

இனி மலிவு வண்டி. புதுப்பித்தது என்று சொல்லாமல், இருக்கிறபடியே விற்கும் நான்கு வயது வண்டி 4,200 டாலர். புதுப்பித்ததைவிட 2,300 குறைவு. பேட்டரி ஆயுள் முடிந்திருக்கும், 1,200. மைதான வண்டிக்கு இரண்டே இருக்கை. பின் இருக்கை 350. விளக்குகள் 250. டயர் நான்கும் 300. சார்ஜர் 400. கூட்டினால் 2,500. வண்டி 6,700-இல் வந்து நிற்கிறது. பட்டறையில் இதையெல்லாம் செய்து, பெயிண்ட் அடித்து, சில மாத உத்தரவாதமும் சேர்த்து 6,500-க்குத் தருகிறார்கள். அவர்கள் பேட்டரியை மொத்த விலைக்கு வாங்குகிறார்கள். நமக்கு அந்த விலை கிடைக்காது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்கள் மலிவு வண்டிப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

எட்டு ஆண்டு வைத்திருந்து விற்பதாகக் கணக்கு:

புதியது, லித்தியம்: விலை 13,000. டயர் 300. பராமரிப்பு ஆண்டுக்கு 100 வீதம் 800. பேட்டரி மாற்றும் செலவு இல்லை. எட்டாம் ஆண்டு முடிவில் விற்றால் 5,000. நிகரச் செலவு 9,100, ஆண்டுக்கு 1,138.

புதியது, ஈய-அமிலம்: விலை 10,500. டயர் 300. பராமரிப்பு 800. ஐந்தாம் ஆண்டில் பேட்டரி 1,200. விற்றால் 4,000. நிகரம் 8,800, ஆண்டுக்கு 1,100.

புதுப்பித்தது, புது ஈய பேட்டரியோடு: விலை 6,500. டயர் 300. பராமரிப்பு ஆண்டுக்கு 175 வீதம் 1,400. ஐந்தாம் ஆண்டில் பேட்டரி 1,200. விற்கும்போது வண்டிக்குப் பன்னிரண்டு வயது, 2,500. நிகரம் 6,900, ஆண்டுக்கு 863.

6,500 டாலர் வித்தியாசம் 2,200-ஆகச் சுருங்கிவிட்டது, ஆண்டுக்கு 275. மீதி 4,300 எங்கே போனது? 2,500 டாலர் மறுவிற்பனையில் போனது. புதியதாக வாங்கியது எட்டு வயதிலும் ஒரு விலைக்குப் போகும். 1,200 பேட்டரிக்கு. 600 புஷ், பிரேக் ஷூ, சோலினாய்டு போன்ற சில்லறைகளுக்கு. இவற்றில் மறுவிற்பனை விலைதான் எனக்கு அதிகம் நம்பிக்கையில்லாத எண். எட்டு வயது லித்தியம் வண்டிக்கு 5,000 கிடைக்கும் என்பது, அந்த பேட்டரிக்குள் இன்னும் உயிர் இருக்கிறது என்று வாங்குபவர் நம்பினால்தான். 3,500-க்குத்தான் போனது என்றால் வித்தியாசம் மறுபடி 3,700.

இந்தக் கணக்கெல்லாம் ரொக்கமாக வாங்குபவருக்கு. தவணையில் வாங்கினால் கதை வேறு. 13,000 டாலரை 8 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 264. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 2,800-ஐத் தாண்டும். 6,500-ஐ ரொக்கமாகக் கொடுத்துப் புதுப்பித்ததை எடுக்க முடிகிறவர், புதியதற்குக் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கும் என்றால், வித்தியாசம் 5,000 டாலர், ஆண்டுக்கு 627. கடையில் எந்த விலைச்சீட்டிலும் எழுதாத இந்த வரிதான் முடிவை அதிகமாகப் புரட்டுகிறது. கையில் பணம் இருக்கிறதா, இல்லையா என்று முதலில் கேட்டுக்கொண்டு பிறகு வண்டியைப் பார்க்கப் போகலாம்.

மின்சாரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள், பேசுவதற்கு ஒன்றுமில்லை. மைலுக்கு 0.2 யூனிட், யூனிட் 15 சென்ட் என்றால் ஆண்டுக்கு 1,800 மைலுக்கு 54 டாலர். லித்தியம் அதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு ஆகும்.

நான்காவதாக ஒரு வழி உண்டு. செத்த பேட்டரியோடு நிற்கும் குத்தகை வண்டியை 3,500-க்கு எடுத்து, 2,200-க்கு லித்தியம் பேட்டரியும் அதற்குரிய சார்ஜரும் போடுவது. பின் இருக்கை, விளக்கு, டயர் 900. மொத்தம் 6,600. எட்டு ஆண்டில் பேட்டரிச் செலவு வராது என்று கொண்டால், பராமரிப்பு 1,400, இன்னொரு முறை டயர் 300, விற்றால் 2,800. நிகரம் 5,500, ஆண்டுக்கு 688. நான்கில் இதுதான் குறைவு, எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் இதில் ஒரு நிபந்தனை. ஏற்றத்தில் நான்கு பேரோடு ஏறும்போது மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மலிவு லித்தியத்துக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் அதைத் தாங்காமல் பாதி ஏற்றத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். எத்தனை ஆம்பியரை எத்தனை வினாடி தாங்கும் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். எட்டு ஆண்டு உத்தரவாதம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், பழுதான பேட்டரியை யார் செலவில் யாருக்கு அனுப்புவது என்பதும் அதில் இருக்க வேண்டும். 45 கிலோ சரக்கைக் கூரியரில் அனுப்புகிற செலவு கொஞ்சமில்லை.

சட்டகத்தை மறந்துவிடக் கூடாது. கிளப் கார் நிறுவனத்தின் வண்டிகளுக்கு அலுமினியச் சட்டகம். இ-இசட்-கோ நிறுவனத்தின் வண்டிகளுக்கு எஃகு. பேட்டரித் தட்டில் அமிலம் சிந்தி எஃகு அரித்திருந்தால் மேலே அடித்த பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை. கடற்கரை மைதானத்திலிருந்து வந்த எஃகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வயதையும் விற்பவர் வாயால் கேட்க வேண்டியதில்லை. கிளப் கார் வரிசை எண்ணில் முதல் இரண்டு எழுத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் ஆண்டைச் சொல்லும்.

புதியதையே வாங்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தனிப் பாதை இல்லாத ஊரில், கார்கள் ஓடும் தெருவில் மணிக்கு 25 மைல் வேகத்தில் போக வேண்டுமென்றால் அது சட்டப்படி கோல்ஃப் வண்டி அல்ல. 1998-இல் அமெரிக்க நடுவண் அரசு குறைவேக வாகனம் என்று தனி வகை ஒன்றை உண்டாக்கியது: 20 மைலுக்கு மேல், 25 மைலுக்குள். சீட் பெல்ட், முகப்பு விளக்கு, திரும்பும் விளக்கு, கண்ணாடிகள், தரச்சான்று பெற்ற முன்கண்ணாடி, 17 இலக்க வாகன எண் எல்லாம் வேண்டும். மைதான வண்டியை வேகம் கூட்டி, இவற்றைப் பொருத்தி, பதிவு வாங்க அலைவதற்குள் மிச்சமெல்லாம் கரைந்துவிடும். தனிப் பாதை உள்ள பீச்ட்ரீ சிட்டியில் இந்தச் சிக்கல் இல்லை.

பாதி விலைக் கணக்கு ஒரே ஓர் இடத்தில் நிற்கிறது: புதுப்பித்த வண்டியில் இருக்கும் 'புது' பேட்டரி உண்மையிலேயே புதிதா? பட்டறைக்காரர் மூன்று வயது பேட்டரியைக் கழுவி, முனைகளைத் தேய்த்துப் போட்டிருந்தால், எட்டு ஆண்டில் ஒரு செட் வாங்குகிற இடத்தில் இரண்டு வாங்க வேண்டிவரும். நிகரம் 6,900-இலிருந்து 8,100-க்கு ஏறும். ரொக்கத்தில் வாங்கிய புது லித்தியத்தோடு வித்தியாசம் ஆயிரம் டாலர்தான் மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். பல கம்பெனி பேட்டரிகளின் ஈய முனையில் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் குத்தியிருக்கும். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே டிசம்பர் வரை. இலக்கம் ஆண்டின் கடைசி எண். 1,200 டாலர் செட் ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் வரும் என்றால் மாதத்துக்கு 20 டாலர் தேய்கிறது. முனையில் குத்தியிருப்பது பதினான்கு மாதம் பழசு என்றால் விலையில் 280 டாலர் குறைக்கச் சொல்லலாம். மூன்று ஆண்டு என்றால் 720. ஆறிலும் ஒரே மாதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாறி மாறி இருந்தால் அது செட்டே அல்ல, பொறுக்கிச் சேர்த்தது. அப்போது முழு 1,200-ஐயும் கழித்துக்கொண்டு 5,300-இலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.