நார் தரும் வலிமை

தேர்த்திருவிழாவில் நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பர். அவ்வடத்திலிருந்து ஒரே ஒரு நாரைப் பிரித்தெடுத்தால் அதனைக் கையாலேயே அறுத்துவிடலாம். எண்ணற்ற நார்கள் ஒன்றாய் முறுக்கப்பட்டதனாலன்றோ வடம் தேரையே நகர்த்துகிறது! கட்டடத்திற்கு உதவும் மரத்தை வலுப்படுத்தவும் நார்கள் துணைபுரிகின்றன. அது எவ்வாறு எனக் காண்போம்.

மரம் இயல்பிலேயே ஒரு நார்த்தொகுப்பு. செல்லுலோஸ் என்னும் நுண்ணிழைகளை லிக்னின் என்னும் இயற்கைப் பசை பிணைத்து நிற்கிறது. நார் ஓடும் திசையில் இழுத்தால் மரம் எளிதில் அறுபடாது. குறுக்கே இழுத்தால் விரைவில் பிளந்துவிடும். விறகு பிளப்போர் நாரோட்டத்தை ஒட்டியே கோடரியை இறக்குவது இதனால்தான். கிளை தோன்றிய இடத்திலுள்ள கணு நாரோட்டத்தை விலகச் செய்வதால், அவ்விடமும் வலிமை குன்றும்.

முற்காலத்தில் வீட்டு உத்திரத்திற்குப் பருத்த முதுமரங்களையே வெட்டினர். காடுகளைக் காக்கும் நோக்குடன் மத்தியப் பொதுப்பணித்துறை 1993ஆம் ஆண்டு தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2020ஆம் ஆண்டு அத்தடை நீக்கப்பட்டது. ஆயினும், மீண்டும் முதுமரங்களை வீழ்த்துதல் தகாது. தோட்டங்களில் வளரும் இளமரங்களைக் கொண்டே வலிய உத்திரங்களைச் செய்ய இயலுமா?

இதற்கு முதல் விடை ஒட்டுதல் ஆகும். மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் நாரோட்டத்திற்குக் குறுக்காக அடுத்த ஏட்டை வைத்து ஒட்டினால் ஒட்டுப்பலகை கிடைக்கிறது. நீண்ட பலகைகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டினால் பெரிய உத்திரம் உருவாகிறது. இம்முறைக்கு ஜெர்மானியரான ஓட்டோ ஹெட்சர் 1906ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இத்தகைய ஒட்டு உத்திரங்களைக் கொண்டு நார்வே நாட்டில் 18 மாடிகளும் 85 மீட்டர் உயரமும் உடைய கட்டடம் ஒன்று 2019ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது.

இரண்டாவது விடை இழையூட்டுதல் ஆகும். நீண்ட அழிப்பான் ஒன்றின் பக்கவாட்டில் செங்குத்தான கோடுகளை வரையுங்கள். இருமுனைகளையும் தாங்கி நடுவில் அழுத்துங்கள். மேற்பகுதியில் கோடுகள் நெருங்கும், கீழ்ப்பகுதியில் விலகும். உத்திரமும் அவ்வாறே மேலே நெருக்கப்படுகிறது, கீழே இழுக்கப்படுகிறது. பெரும்பாலும் அடிப்புறத்துக் கணுவிலோ ஒட்டிலோதான் முறிவு தொடங்கும். ஆகவே, அடிப்புறத்தில் கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ பிசினால் ஒட்டுகின்றனர். இழுவிசையின் ஒரு பகுதியை இழை ஏற்றுக்கொள்ள, மரத்தின் சுமை குறைகிறது. உத்திரம் முழுவதும் இழையைச் சுற்ற வேண்டுவதில்லை. தேவையான இடத்தில் மெல்லிய பட்டை ஒன்றே பெரும்பயன் தரும்.

கார்பன் இழையின் அருமையை நம் ஐதராபாத் நகரம் நன்கறியும். இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 1982ஆம் ஆண்டு இங்குள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநரானார். அக்னி ஏவுகணைக்காக அங்கே உருவாக்கப்பட்ட எடை குறைந்த கார்பன் பொருளை நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் மருத்துவர் ஒருவர் கண்டார். போலியோவால் கால் நலிந்த சிறுவர்கள் அப்போது மூன்று கிலோவுக்கும் மிகுந்த உலோகத் தாங்கிகளை அணிந்து நடந்தனர். மருத்துவரின் வேண்டுகோளை ஏற்று, ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள தாங்கிகளைக் கலாமின் குழுவினர் உருவாக்கினர். குறைந்த எடையில் நிறைந்த வலிமை என்னும் இப்பண்பே கட்டட மரத்திற்கும் உதவுகிறது.

விலையுயர்ந்த இழைகள்தாம் வேண்டும் என்பதில்லை. மூங்கிலும் வலிய நார்களை உடையது. மூங்கில் பிளாச்சுகளைப் பாயாக முடைந்து, பிசினில் தோய்த்து, வெப்பத்தில் அழுத்திப் பலகையாகவும் நெளிவுக் கூரைத் தகடாகவும் செய்யும் முறைகளைப் பெங்களூரில் இயங்கிய ஒட்டுப்பலகைத் தொழில்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. பாய் முடையும் பழந்தொழிலே அங்குப் புதிய அறிவியலோடு கைகோத்துள்ளது.

எனினும், இழை எத்துணை வலியதாயினும் பசை பிடிப்பு விட்டால் பயனில்லை. ஈரமும் கடும் வெப்பமும் பசையைத் தளர்த்தக்கூடும். ஆதலால், ஒட்டின் உறுதியை ஆய்ந்தறிந்த பின்னரே இத்தகைய மரத்தைக் கட்டடத்தில் ஏற்ற வேண்டும். முறையாகச் செய்யப்பெறின், இளமரமும் கூரை தாங்கும். காட்டில் முதுமரமும் நிலைத்து நிற்கும்.