மீண்டும் ஓடுவோம்

பள்ளிப் பருவத்தில் ஓட்டப் பந்தயங்களில் முந்தி நின்றவருள் பலர், தொழிலும் குடும்பமும் அமைந்தபின் ஓட்டத்தை மறந்துவிடுகின்றனர். பல்லாண்டு கழித்து மீண்டும் ஓட விழைவோர் முதலில் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பயிற்சிக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் இணங்கிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் உறுதிபெறவோ பல மாதங்களாகும். மூச்சு வாங்கவில்லையே என்று வேகத்தைக் கூட்டுவோர் முழங்காலிலும் குதிகாலிலும் நோவுற்று, ஓட்டத்தையே கைவிட நேர்வது இதனாலேயாம்.

பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் இளமையில் ஓடியவர். 1947 பிரிவினைக் காலத்தில் அதனை நிறுத்தியவர். கடவுச்சீட்டின்படி 1911இல் பிறந்த அவர், 2000ஆம் ஆண்டில் இலண்டன் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார்.

நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 2008இல் தொடங்கப்பெற்ற மாரத்தான், முந்துவதைவிட ஓடும் இன்பத்தையே போற்றுவது. மீண்டு வருவோர்க்கு அத்தகைய களமே ஏற்றது.

ஆகவே, மேல்மலையனூர் வட்டத்துச் சிற்றூர்ச் சாலைகளில் வைகறையில் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குவோம். ஒரு நிமிடம் ஓடி, இரு நிமிடம் நடப்போம். வாரந்தோறும் சிறிதே கூட்டுவோம். நாற்பதைக் கடந்தோரும் நீரிழிவு, இதயநோய் உடையோரும் மருத்துவரைக் கண்டபின் தொடங்குதல் நலம். பழைய வேகத்தைத் தேடாது இன்றைய உடலுக்கேற்ப ஓடுவோமாயின், ஓட்டம் முதுமையிலும் நம்மை விட்டகலாது.