மேற்கோளின் தடமும் ஏடுகளின் மதிப்பும்

ஒத்துவாக்கியத் திருமறையைக் கையாளும் போதகர், ஏசாயா 53ஆம் அதிகாரத்தினின்று மத்தேயு 8:17, அப்போஸ்தலர் 8:32, 1 பேதுரு 2:22 ஆகிய இடங்களுக்குச் செல்வதை அறிவார். முந்திய நூலினின்று அதனை எடுத்தாண்ட பிந்திய நூல்களுக்குச் செல்லும் இவ்வழியே ஆய்வுலகில் மேற்கோள் அடைவு எனப்படும். 1955இல் இதனை முன்மொழிந்த அமெரிக்கரான யூஜின் கார்பீல்டின் நிறுவனம், 1964இல் அறிவியல் ஏடுகளுக்கும், 1978இல் கலை, இலக்கியம், சமயம் ஆகியவற்றின் ஏடுகளுக்கும் அடைவுகளை வெளியிட்டது. நூலகப் பணிகளை எண்களால் அளக்கலாம் என, காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1948இலேயே கூறியதும் நினைக்கத்தக்கது.

இவ்வடைவினின்று பிறந்ததே தாக்கக் காரணி. ஓர் ஏடு கடந்த ஈராண்டுகளில் வெளியிட்ட 40 கட்டுரைகள் இவ்வாண்டில் 20 முறை எடுத்தாளப்பட்டால் அதன் காரணி 0.5 ஆகும். கண்டித்து எழுதுவோர் காட்டும் மேற்கோளும் இக்கணக்கில் சேரும் என்பது வேடிக்கையே!

சைவ பக்தியைக் கற்கும் நம் மாணவர் நன்கறிந்த காரைக்கால் அம்மையாரிடத்தில் இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்போம். காரவேலன் பதிப்பித்துப் பிரெஞ்சில் பெயர்த்த அம்மையார் பாடல்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1956இல், ழான் ஃபிலியோசாவின் முன்னுரையுடன் வெளியிட்டது. 1982இல் அது மீண்டும் அச்சேறிற்று. அம்மையாரைப் பற்றி எலெய்ன் கிராடக் 2010இலும், கேரன் பெச்சிலிஸ் 2012இலும் வெளியிட்ட ஆங்கில நூல்கள் அப்பதிப்பை எடுத்தாள்கின்றன. அரை நூற்றாண்டு கடந்தும் பயன்தரும் இத்தகைய உழைப்புக்கு ஈராண்டுக் கணக்கில் இடமேது?

இன்னுமோர் இடர் உண்டு. உரோமன் எழுத்தில் ‘காரைக்கால்’ என்பதைப் பிரெஞ்சு ஆட்சியினர் ஒருவகையாகவும், ஆங்கிலத்தில் எழுதுவோர் வேறுவகையாகவும், ஆய்வாளர் குறிகளிட்டு மற்றொருவகையாகவும் எழுதுவர். இவற்றை இணைத்துக் காட்டாதவிடத்து, ஒரே நூலின் மேற்கோள்கள் பல நூல்களுக்குரியனபோல் சிதறிவிடும். தமிழ் ஏடுகளின் அடிக்குறிப்புகளோ பெரும்பாலும் எண்ணப்படுவதே இல்லை.

இது ஏட்டளவில் நின்றுவிடும் குறையன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ஏற்கத்தக்க ஏடுகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, 2025இல் அதனைக் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், பட்டியலில் சேராத தமிழ் ஏட்டில் எழுதிய கல்லூரி ஆசிரியரின் உழைப்பு பதவி உயர்வுக்கு உதவவில்லை. தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா எனத் தயங்கும் இளம் ஆய்வாளரை நாம் குறைகூற இயலாது.

அம்மையாரைக் குறித்து ஆய்வேடு எழுத முற்படுவோர் மேற்கூறிய எழுத்துவடிவங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுதல் வேண்டும். பின்னர்த் தமிழ் நூல்களின் அடிக்குறிப்புகளைக் கையாலேயே புரட்டுதல் வேண்டும். அவ்வாறு கண்டவற்றை ஆண்டுடன் குறித்து நூலகத்தில் வைத்தால், அடுத்து வருவோர் அங்கிருந்து தொடங்கலாம்.