மண்ணும் ஒலி எழுப்பும்

கம்போடியாவில் 1992 முதல் 1998 வரை மிதிவெடி அகற்றுவோர் ஏறத்தாழ 20 கோடிப் பொருள்களை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தார்கள். அவற்றில் மிதிவெடியும் வேறு வெடிபொருளும் சேர்ந்தே சுமார் 0.3 விழுக்காடுதான். மெட்டல் டிடெக்டர் ஆயிரம் முறை கூவினால், ஏறக்குறைய மூன்று முறை மட்டுமே ஆபத்து. மீதி 997 முறையும் ஆணி, தோட்டாக் கூடு, தகரத் துண்டு, கம்பி. அந்த 997 முறையும் மண்டியிட்டு, பக்கவாட்டில் மெல்ல மண்ணைச் சுரண்டி, இதுதான் அந்த மூன்றில் ஒன்று என்று எண்ணியே வேலை செய்யவேண்டும். இந்தப் பொய்க் குரல்களைக் குறைக்க நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் முயற்சிக்குள் இயற்பியலின் அழகான தந்திரங்கள் பல ஒளிந்திருக்கின்றன.

முதலில் கருவி எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம். தரையோடு ஒட்டி வீசும் வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. மின்னோட்டம் மாறுவதால் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறுகிறது. அந்தப் புலம் எட்டும் இடத்தில் ஓர் உலோகத் துண்டு இருந்தால், எந்தக் கம்பியும் தொடாமலே அதற்குள் மின்சாரம் சுழலத் தொடங்கும். இதைச் சுழல் மின்னோட்டம் என்பார்கள். அந்தச் சுழல்கள் தம் பங்குக்கு ஒரு சிறிய காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. தட்டிலுள்ள இன்னொரு சுருள் அதை வாங்கி ஒலியாக மாற்றுகிறது. ஆக, கருவிக்கு மிதிவெடி என்றால் என்னவென்று தெரியாது. தன் காந்தப்புலத்துக்குப் பதில் சொல்லும் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான்.

வரலாற்றுப் புகழ்பெற்ற பொய்க் குரல் ஒன்று 1881-இல் கேட்டது. அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு ஜூலை 2-ஆம் நாள் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய தோட்டா எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், இரண்டு சுருள்களைச் சமன்செய்து ஒரு தோட்டா தேடும் கருவியை அவசரமாக உருவாக்கினார். சோதனைகளில் அது நன்றாகவே வேலை செய்தது. அதிபரின் உடல்மேல் நகர்த்தியபோது மட்டும் ஓரிடத்தைக் காட்டாமல் பரந்த பகுதி முழுவதும் மங்கலாக ஒலித்தது. அவர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் இருந்தன என்பது பிறகுதான் தெரியவந்தது. போதாததற்கு, தலைமை மருத்துவர் வலப்பக்கத்தில் மட்டுமே தேடச் சொன்னார். தோட்டா இடப்பக்கத்தில் இருந்தது. செப்டம்பர் 19-ஆம் நாள் அதிபர் இறந்தார். உங்களைச் சுற்றியுள்ள உலோகத்தை முதலில் அப்புறப்படுத்துங்கள் என்ற பாடம் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. பெல்ட் கொக்கி, எஃகு முனை வைத்த பூட்ஸ், கையிலுள்ள கரண்டி, ஏன், பக்கத்தில் ஒருவர் வைத்திருக்கும் இன்னொரு டிடெக்டர்கூடப் பொய்க் குரல் எழுப்பும்.

ஆனால் எல்லா உலோகத்தையும் விலக்கிய பிறகும் கருவி கத்தும் இடங்கள் உண்டு. அங்கே ஒலிப்பது மண்ணே. செம்மண்ணிலும் லேட்டரைட் மண்ணிலும் இரும்பு ஆக்சைடு துகள்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் சில காந்தத் தன்மை கொண்டவை. காட்டுத் தீயோ அடுப்போ எரிந்த இடத்தில் மண் சூடாகும்போது சாதாரண இரும்பு ஆக்சைடு காந்த ஆக்சைடாக மாறுவதும் உண்டு. அதனால்தான் ஓர் உலோகத் துளியும் இல்லாத செங்கல் துண்டு சில கருவிகளை ஏமாற்றிவிடுகிறது.

இதில் மிகவும் தொல்லை தருபவை மிக மிகச் சிறிய துகள்கள். ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள அவற்றை ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக அடுக்கினால் ஆயிரக்கணக்கில் நிற்கும். இவை கருவியின் காந்தப்புலத்துக்கு உடனே திரும்புவதில்லை. சற்றுத் தயங்கித் திரும்புகின்றன. காந்தப் பாகுநிலை என்று இதற்குப் பெயர். சுழல் மின்னோட்டமும் அப்படியே தாமதமாகத்தான் பதில் சொல்லும். எனவே தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து மண்ணையும் உலோகத்தையும் பிரிக்க முடியாமல் போகிறது.

இந்த இடத்தில்தான் பொறியாளர்களின் மூளை மின்னுகிறது. துடிப்புத் தூண்டல் என்ற வகைக் கருவி தொடர்ந்து புலத்தை வீசிக்கொண்டே இருப்பதில்லை. ஒரு கணம் வீசி, சட்டென்று நிறுத்தி, காது கொடுக்கிறது. கோயில் மணியை அடித்த கையை எடுத்துவிட்டு ரீங்காரத்தை மட்டும் கேட்பது போல. அந்த ரீங்காரம் அடங்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிறுத்திய பின் 10 மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், ஒரு சிறிய உலோகத் துண்டும் மண்ணும் ஒரே அளவு, 100 என்று வைத்துக்கொள்வோம், ஒலிக்கின்றன. மண்ணின் குரல் நேரம் இரட்டிக்கும்தோறும் பாதியாகும்: 20-இல் 50, 40-இல் 25, 80-இல் 12.5. உலோகத்தின் குரலோ ஒவ்வொரு 10 மைக்ரோ விநாடிக்கும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிக்கொண்டே போகும். 80-ஐ எட்டும்போது ஒன்றில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தொடக்கத்தில் இரட்டையர் போலத் தெரிந்த இருவரும் அடங்கும் பாணியில் வேறுபட்டுப் போகிறார்கள்.

மண்ணின் பாணி இவ்வளவு சீரானது என்பதால் அதைக் கணக்கால் அழித்துவிடலாம். 1990-களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனத்தில் புரூஸ் கேண்டி நீண்ட துடிப்பையும் குறுகிய துடிப்பையும் கலந்து அனுப்பும் கருவியை உருவாக்கினார். இரண்டுக்கும் மண் தரும் பதில்கள் எந்த விகிதத்தில் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த விகிதத்தில் பெருக்கி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மண் பூஜ்யமாகிவிடும். உலோகம் அந்த விகிதத்துக்குப் பொருந்தாததால் மிஞ்சி நிற்கும். இரும்புக் கற்கள் மண்டிய ஆஸ்திரேலியத் தங்க வயல்களில், பழைய கருவிகள் கூச்சலிட்டே ஓய்ந்த நிலத்திலிருந்து, தங்கக் கட்டிகள் வெளிவந்தன. அதே நிறுவனம் பின்னர் மிதிவெடி தேடும் கருவிகளையும் செய்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அடங்கும் பாணி தற்செயலாகக் கழித்தலில் சிக்கிக்கொள்ளும் உலோகமும் மண்ணோடு சேர்ந்து மறைந்துவிடும். தங்கம் தேடுபவருக்கு அது ஒரு கட்டி நஷ்டம். மிதிவெடி தேடுபவருக்கோ உயிர். எந்தப் பொய்க் குரலை அடக்கினாலும் கூடவே ஒரு மெய்க் குரலும் அடங்கிப்போகலாம் என்ற இந்த அச்சம்தான் இத்துறை முழுவதையும் வழிநடத்துகிறது. காசு தேடுவோர் இரும்பின் பதிலுக்கும் வெள்ளியின் பதிலுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஆணிகளை ஒலிக்கவிடாமல் செய்துகொள்கிறார்கள். பிரித்தறிதல் எனப்படும் இந்த வசதி மிதிவெடி வயலில் ஆகாது. அங்கே வெடியின் ஊசியே எஃகுதான்.

அந்த எஃகும் எவ்வளவு சிறிது! மரபுசார் ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் 1996 திருத்தம், மனிதர்களைக் குறிவைக்கும் மிதிவெடி குறைந்தது 8 கிராம் இரும்புக்கு இணையான குரல் எழுப்பவேண்டும் என்கிறது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் எடை அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் உலகெங்கும் ஏற்கெனவே புதைந்து கிடக்கும் பிளாஸ்டிக் உடல் மிதிவெடிகள் பலவற்றில் உலோகம் அந்த 8 கிராமைவிட மிகக் குறைவு. சிறு உலோகத்தின் குரல் சீக்கிரம் அடங்குவதால் அதை மிக முன்னதாகவே கேட்கவேண்டும். மண் மிக உரக்கக் கத்துவதும் அந்த நேரத்தில்தான்.

எனவே சுருளின் வடிவத்திலேயே தந்திரம் தேடினார்கள். சில கருவிகளில் கேட்கும் சுருள் இரண்டு பாதிகளாக, ஒன்றுக்கு ஒன்று எதிராகச் சுற்றப்பட்டிருக்கும். கீழே பரந்து கிடக்கும் மண் இரு பாதிகளிலும் ஒரே அளவு பதில் எழுப்பித் தன்னைத்தானே ரத்துசெய்துகொள்கிறது. சின்னஞ்சிறு ஊசியோ ஒரு நேரத்தில் ஒரு பாதிக்கு மட்டுமே அருகில் இருக்கும். அதன் குரல் தப்பிப் பிழைக்கிறது. தட்டின் நடுக்கோடு ஊசிக்கு நேர் மேலே வரும்போது ஒலி ஒரு கணம் அடங்குவதால் இடத்தையும் துல்லியமாகக் குறித்துவிடலாம். ஈரப் புல் தட்டில் உரசும்போது எழும் பொய்க் குரலை அடக்க, சுருளைச் சுற்றி மின்கடத்தும் மெல்லிய பூச்சு பூசுகிறார்கள். பூச்சு முழு வளையமாகிவிட்டால் அதிலேயே மின்சாரம் சுழன்று கருவியைக் கெடுக்கும் என்பதால், ஓரிடத்தில் சிறு இடைவெளி விட்டுவிடுகிறார்கள். இந்த நுணுக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பங்கு வேலை மனிதக் கைக்கும் காதுக்கும் உரியது. வேலை தொடங்குமுன் வெறும் தரையின் மேல் தட்டை ஏற்றி இறக்கி, மண்ணின் குரல் மறையும்வரை கருவியைச் சரிசெய்கிறார்கள். மண் சமன் என்பது இதுதான். தெரிந்த ஒரு மாதிரி உலோகத்தை வைத்து, அது ஒலிக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். தட்டை எப்போதும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் வீசவேண்டும். உயரம் மாறினாலே மண் குரல் கொடுக்கும். சந்தேகமான ஒலி வந்தால் வேறு வேறு திசைகளிலிருந்து திரும்ப வீசுகிறார்கள். உலோகம் பெரும்பாலும் அதே இடத்தில் அதே ஒலியைத் தரும். மண்ணின் குரலும், மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சலும் இடம் மாறும், தேயும், காணாமல் போகும்.

கேள்வியையே மாற்றிவிடும் வழிகளும் வந்திருக்கின்றன. கம்போடியாவில் நிலம் ஊடுருவும் ரேடாரை மெட்டல் டிடெக்டருடன் இணைத்த கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆணி உலோகமாக ஒலிக்கும், ஆனால் ரேடாரில் வெடியின் பருமன் தெரியாது. அங்கேயே வேலை செய்த மகாவா என்ற ஆப்பிரிக்கப் பெருச்சாளிக்கு 2020-இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான பி.டி.எஸ்.ஏ. தங்கப் பதக்கம் அளித்தது. டி.என்.டி. வெடிமருந்தின் வாசனையை மட்டுமே தேடிய அந்த மூக்குக்குத் தோட்டாக் கூடும் தகரமும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

இலங்கையின் வடக்கில் முகமாலையில் கதையே வேறு. ஆண்டுக்கணக்கில் போர்முனையாக இருந்த அந்த நிலத்தில் சில இடங்களில் எறிகணைச் சிதறல் மிக அடர்ந்து கிடக்கிறது. எந்தக் கருவியும் ஓயாமல் ஒலிக்கும். அங்கே பிரித்துக் கேட்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் கருவியை ஒதுக்கிவிட்டு, நீண்ட பிடியுடைய இரும்பு வாரிகளைக் கையில் எடுக்கிறார்கள். கனமான வாரியால் மண்ணை நெகிழ்த்தி, மெல்லிய வாரியால் அதைத் தன் பக்கம் இழுத்து, தேவையான ஆழம்வரை ஒவ்வொரு சாணாக நிலம் முழுவதையும் கோதுகிறார்கள். வாரியின் பற்கள் வெடியைப் பக்கவாட்டில்தான் சந்திக்கும். மிதிபடும் மேல்முகத்தில் பாரம் ஏறாது. போரில் குடும்பத்தை இழந்த பெண்கள் பலரும் வெயிலில், கனத்த காப்புச் சட்டையும் முகக் கவசமும் அணிந்து, இந்த வேலையைச் செய்துவருகிறார்கள்.